ஞானஜோதியின் உலைக்குக் கரி

பெரிய வெள்ளிக்கிழமையன்று ஞானஜோதி சம்மட்டி தூக்கினாள் என்ற செய்தி, அவள் ஊர் திரும்புவதற்கு முன்பே பீர்மேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. யார் சொன்னது என்று விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. பட்டறையில் சம்மட்டி அடிக்கும் பெரியமுத்துவுக்குப் போன் போட்டுச் சொன்னதே அவள்தான். பெரியமுத்துவிடம் சொன்னால் ரோட்டுக்கே சொன்னது மாதிரி.

இரும்பு வேலை செய்கிற அவளுடைய குடும்பத்தில் அது சின்ன மீறல் இல்லை. ஆண்டவரை ஆணியால் அறைந்த நாள் அது. அன்று இரும்பின் மேல் இரும்பு விழக்கூடாது. வியாழன் மாலையே, இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்துதான் சாக்கை எடுப்பார்கள். அவளுடைய கணவன் யாக்கோபு இதில் படு கறார். ஒரு பெரிய வெள்ளியன்று அவனுடைய செருப்பில் ஆணி துருத்திக்கொண்டு காலைக் குத்தியது. ஒரு கல்லை எடுத்து அதைத் தட்டிவிட்டிருக்கலாம். தட்டவில்லை. சிலுவைப் பாதை முழுவதும் நொண்டிக்கொண்டே நடந்தான்.

அப்படிப்பட்டவனின் மனைவிதான் சம்மட்டி தூக்கினாள். எதற்குத் தூக்கினாள் என்பதைச் சொல்ல, கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

ஞானஜோதி எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். ஒரு அறை, ஒரு அடுப்படி, வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரு பொதுக் குழாய். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே கொழுந்து கிள்ளத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகும் கூடையை முதுகிலிருந்து இறக்கவில்லை. ஒருநாள் முதலாளி எஸ்டேட்டை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். ஃபாக்டரி கேட்டில் பூட்டுத் தொங்கியது. கிள்ள ஆள் இல்லாமல் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்தன. மற்றப் பெண்கள் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப் ஏறினார்கள். அவள் கூடையைக் கொண்டுபோய், ரோட்டு வளைவில் இருந்த யாக்கோபின் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். அன்றே, பழுத்த இரும்பைப் பிடிக்கும் குறட்டைக் கையில் எடுத்தாள்.

பட்டறையில் வேலை ஜீப்புகளின் ஸ்பிரிங் பட்டைகள். அந்த மலையில் ஜீப்தான் எல்லாம். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போகிற பெண், கேஸ் சிலிண்டர், கன்றுக்குட்டி, எல்லாம் அதில்தான். ஏற்றக்கூடிய எடைக்கு இரண்டு மடங்கு ஏற்றினால் பட்டைகள் வளைவை இழக்கும். ஜீப்பின் பின்பக்கம் குந்திய நாய் போல உட்கார்ந்துவிடும். பட்டைகளைக் கழற்றி, உலையில் ஆரஞ்சு நிறம் வரும்வரை பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைவைத் திரும்பக் கொண்டுவந்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். இதற்கு நிலத்திலிருந்து வெட்டிய கல்கரி வேண்டும். விறகின் சூடு போதாது. கேஸ் கட்டரால் சுட்டால் ஓரிடம் வேகும், பக்கத்து இடம் வேகாது. அப்படிச் சுட்ட பட்டை எந்த வளைவில் ஒடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

யாக்கோபு மஞ்சள் காமாலையில் போனான். காரியங்கள் முடிந்ததும் சொந்தக்காரர்கள் பட்டறையை விற்றுவிடச் சொன்னார்கள். பொம்பளை கையில் சம்மட்டி நல்லாவா இருக்கும் என்று ஒரு பெரியப்பா கேட்டார்.

"சம்மட்டி ஒண்ணுங் கேக்கலியே பெரியப்பா. நீங்க ஏன் கேக்கிய?" என்றாள்.

அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. மூடிய எஸ்டேட்டில் தேயிலை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியமுத்து சம்மட்டிக்கு வந்தான். யாக்கோபை அண்ணன் என்று அழைத்தவன். அதனால் அவள் அவனுக்கு மதினி. மகள் நிமி உலோகவியல் படித்து, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்பு ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எலப்புள்ளியில் வாடகை வீடு. ஞானஜோதி மலையில் தனியாக இருந்தாள். தனிமை என்று அவள் சொன்னதில்லை. கோயிலில் சுருதி விலகிப் பாடுவாள். குடை பிடிக்க மாட்டாள். அவசரப்படுகிற எவரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "வரிசையில நில்லு." எஸ்டேட் மேனேஜர் மகனிடமும் அதைத்தான் சொன்னாள். போலீஸ் ஜீப்பிடமும் அதைத்தான் சொன்னாள்.

உக்ரைனில் போர் தொடங்கியபோது அவள் டிவியில் பார்த்துப் பரிதாபப்பட்டாள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண்களுக்காக ஒரு ஜெபமாலை சொன்னாள். அந்தப் போர் தன் உலை வரைக்கும் நடந்து வரும் என்று அவள் எண்ணவில்லை. தவக்காலத்தின் நடுவில் கம்பத்துக் கரி வியாபாரி போனை எடுப்பதை நிறுத்தினார். ஒருநாள் எடுத்தார். இல்லை என்று சொல்லத்தான் எடுத்தார்.

"எங்கயோ பனிக்குள்ள சண்ட போடுதானுவ," என்றான் பெரியமுத்து. "நம்ம உலையில ஏன் மதினி தீ அணையுது?"

"கப்பல்ல வார கரி வெல ஏறி நின்னு போச்சாம். நம்ம நாட்டுக் கரியெல்லாம் கரண்டு எடுக்கிற எடத்துக்கு ரயில்ல போவுதாம். நமக்கு மிச்சம் சாம்பல்."

"அப்ப சாம்பலச் சலிப்போமா?"

சலித்தார்கள். உலைக்குழியின் பழைய சாம்பலைச் சல்லடையில் போட்டு, பாதி எரிந்த துண்டுகளைப் பொறுக்கினார்கள். பக்கத்துப் பட்டறைகளிலும் அதேதான் நடந்தது. ஒருவர் கடையையே சாத்திவிட்டார். இன்னொருவர் கேஸ் கட்டரை வாங்கி வந்தார். அவர் சுட்டுக் கொடுத்த பட்டை ஒன்று பெருவந்தானம் இறக்கத்தில் ஒடிந்து, ஜீப் மண் திட்டில் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. அந்த ஜீப்பில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

அப்போதுதான் ஜோஜோ வந்தான். குவாரி, கிரஷர், வரிசையாக டிப்பர்கள் எல்லாம் வைத்திருப்பவன். கம்பத்து வியாபாரியிடம் இருந்த கடைசிக் கரி முழுவதையும் வாங்கி, கிரஷரில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. சிரித்துத்தான் பேசுவான். மலையாளமும் தமிழும் அவன் வாயில் ஒரே தட்டில் பிசைந்த சோறு.

"சேச்சி, கரி என் கிரஷர்ல கெடக்கு. வேணுங்கிற அளவு எடுத்தோ. என் டிப்பர் மட்டும் பார்த்தா மதி."

"ஜீப்பு?"

"ஜீப்புக்காரங்க முண்டக்கயம் போகட்டே."

"பட்ட ஒடிஞ்ச ஜீப்ப எறக்கத்துல முண்டக்கயம் வரைக்கும் ஓட்டச் சொல்லுதியா? நேரா கல்லறைக்குப் போய்ச் சேருவான்."

"அது அவங்க விஷயம். சேச்சிக்குக் கஷ்டம் வராம ஞான் நோக்கிக்கலாம். போர்டுல என் பேரு ஒண்ணு எழுதணும், அத்தறதான். ஈஸ்டர் கழிஞ்சு திங்களாழ்ச்ச வரேன்."

"வா," என்றாள். "வந்து வரிசையில நில்லு. முன்னால ரெண்டு ஜீப்பு நிக்கி."

ஜோஜோ சிரித்துக்கொண்டே போனான். அவனுக்கு அவசரமில்லை. கரி அவனிடம் இருந்தது.

புனித வாரத்தின் புதன்கிழமை, சலித்து எடுத்த கடைசித் துண்டும் எரிந்து முடிந்தது. ஒரு நாள் முன்னதாகவே அடைகல்லின் மேல் சாக்கு விழுந்தது. அந்தச் சாக்கைப் போடும்போது அவள் கை தயங்கியதைப் பெரியமுத்து பார்த்தான். நோன்புக்குப் போடுகிற சாக்கு வேறு. இது பிணத்துக்குப் போடுகிற துணி மாதிரி இருந்தது.

அன்று மாலை நிமி போனில் சொன்னாள்: "ம்மா, இங்க எலப்புள்ளியில தேங்காய்ச் சிரட்டையில கரி சுடுறாங்க. மூட்டை மூட்டையா இருக்கு."

"சிரட்டக் கரி தேய்ப்புப் பெட்டிக்கு ஆவும். பட்டைக்கு எப்படி ஆவும்?"

"ஆகும். கல்கரியில இருக்கிற கந்தகம் இதுல கிடையாது. சூடும் போதும். காத்தக் குறைச்சு ஊதணும், அவ்வளவுதான்."

"படிச்சவ சொல்லுத. வாரேன்."

வியாழக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினாள். பையில் ஒரு மாற்றுச் சேலை, ஒரு ஜெபமாலை, துண்டில் சுற்றிய குறடு. மாலையில் எலப்புள்ளியில் பையைப் பிரித்த நிமி சிரித்தாள். அம்மா சீப்பை மறந்திருந்தாள். குறட்டை மறக்கவில்லை.

மறுநாள் நிமி கூட்டிப்போன கரி சுடுகிற இடம் பனைமரங்களுக்கு நடுவில் இருந்தது. மண்ணே கறுத்துக் கிடந்தது. குழிகளின் மேல் இரும்பு மூடிகள். ஓரத்தில் கரி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாரி, வலது பின்பக்கம் தொங்கி, ஒரு சக்கரம் பாடியில் உரசும் நிலையில் நின்றது. ஞானஜோதியின் கண் கரிக்குப் போகும் முன் லாரிக்குத்தான் போனது.

குழிகளின் சொந்தக்காரி நாச்சம்மாள். அவளே சுடுவாள், அவளே லாரியும் ஓட்டுவாள். புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்தாள்.

"வாங்க, வாங்க. நம்ம நிமியோட அம்மாவுங்களா? மலையில இருந்து வந்திருக்கறீங்க, இந்த வெயிலுக்குக் கருகிப் போயிருவீங்க."

"நான் உலைக்காரி. கருகத்தான் வந்திருக்கேன். கரி வேணும்."

"கரி கண்ணுக்கு முன்னால இருக்குதுங்க. ஆனா கரி வாங்கற கம்பெனிக்குன்னு பேச்சுங்க, காசு இன்னும் வாங்கலீங்க. கம்பெனி ஏசண்டு நாளைக்குக் காலையில லாரியோட வந்து அள்ளிருவானுங்க. இதான் கடேசி லோடு."

"ஏன் கடேசி?"

நாச்சம்மாள் லாரியைக் காட்டினாள். கொப்பரைக் களங்களில் இருந்து சிரட்டை எடுத்துவர அந்த வண்டி ஒன்றுதான். அது படுத்துவிட்டது. இங்கே உள்ள பட்டறைகளிலும் கல்கரி இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். சிரட்டை வராமல் குழிகள் காலியாகக் கிடந்தன.

"ஏசண்டு சொல்றானுங்க, இனி சிரட்டய நானே கொண்டாந்து கொட்டறேன், நீ சுட்டு மட்டும் குடு, கூலி போட்டுத் தர்றேன்னு. என்ற குழியில எனக்குக் கூலிங்களா? நாளைக்கு வந்து பதில் கேப்பானுங்க."

ஞானஜோதி வாய்விட்டுச் சிரித்தாள். நாச்சம்மாளுக்குக் கோபம் வந்தது.

"சிரிக்கற மாதிரி என்னங்க சொன்னேன்?"

"இல்லம்மா. எங்க ஊருலயும் ஒருத்தன் இருக்கான். பேருதான் வேற. அவன் திங்கக்கெழம வாரான்."

பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரிக்கு அடியில் படுத்தாள். விரலால் தட்டும் ஒலி மட்டும் கேட்டது. வெளியே வரும்போது தலையெல்லாம் மண்.

"மெயின் பட்ட நல்லா இருக்கு. அதுக்கு அடுத்த பட்டதான் ஒடிஞ்சிருக்கு. பழைய பட்ட எதும் கெடக்கா?"

கிடந்தது. குழி மூடிகளை நெம்பித் திறக்க நாச்சம்மாள் வைத்திருந்த கடப்பாரையே ஒரு பழைய லாரிப் பட்டைதான். அகலம் சரியாக இருந்தது. வளைவு செத்துப்போயிருந்தது. நடுத் துளை இருந்தது.

"நான் இந்த வண்டிய எந்திரிக்க வைக்கேன்," என்றாள் ஞானஜோதி. "கரிய எனக்குக் குடு. நீயே கொண்டு வந்து எறக்கு. எப்பவும் குடு. கம்பெனி தார வெலையத்தான் நானும் தருவேன். கூடத் தர மாட்டேன், கொறச்சும் கேக்க மாட்டேன்."

நாச்சம்மாள் நிமியைப் பார்த்தாள். "ஏனுங்க, இன்னிக்கு உங்க சாமி செத்த நாளாச்சே. இன்னிக்கு இரும்பத் தட்டமாட்டீங்கன்னு பாப்பா சொல்லுச்சுங்களே."

அப்போதுதான் அம்மாவுக்கும் மகளுக்கும் நினைவு வந்தது. நோன்பு இருந்த ஞானஜோதிக்கே, லாரியைப் பார்த்ததும் அது மறந்துபோயிருந்தது.

"நாளைக்குக் காலையில பார்க்கலாம்மா. பெரிய வெள்ளியாவது தாண்டட்டும்," என்றாள் நிமி.

"நாளைக்குக் காலையில அவன் லாரியோட வந்து நிப்பான்."

அவள் ஒரு பனைமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கரித்தூளை வாரி முகத்தில் அடித்தது. யாக்கோபு நொண்டிக்கொண்டு போனது அவள் கண்ணுக்குள் தெரிந்தது. அவன் நொண்டியதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அவன் கால், அவன் ஆணி. இன்று அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நொண்டப்போவது அவள் கால் இல்லை.

நாச்சம்மாள் அருகில் வந்தாள். "ஏனுங்க்கா, நான் அடிக்கறனுங்க. நீங்க புடிச்சுக்கிட்டு மட்டும் இருங்க. பாவம் எனக்கு வரட்டும்."

"என் பாவத்துக்கு ஆள் வைக்க மாட்டேன்," என்றாள் ஞானஜோதி. எழுந்தாள். நெற்றியில் சிலுவை போட்டாள். "அன்னைக்கு அடிச்சவன் ஒரு ஆளச் சாய்க்க அடிச்சான். நான் ஒரு வண்டிய எந்திரிக்க வைக்க அடிக்கேன். வித்தியாசம் அவருக்குத் தெரியும். தெரியலன்னா நேர்ல போயி சொல்லிக்கிடுதேன்."

தரையில் ஒரு பள்ளம் தோண்டினார்கள். கரியிலிருந்து தூளைத் தூற்றுகிற மின்விசிறிக்கு ஒரு தகரக் குழாயை மாட்டி, பள்ளத்தின் பக்கவாட்டில் நுழைத்தார்கள். அடைகல்லுக்குப் பதில் வாசல்படியாகக் கிடந்த தண்டவாளத் துண்டு. சம்மட்டி நாச்சம்மாளின் லாரியிலேயே கிடந்தது. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, ஒடிந்த பட்டையைக் கழற்றினார்கள். சிரட்டைக் கரி சீக்கிரம் பற்றவில்லை. பற்றியதும் நீல நாக்கு எழும்பியது.

அங்கேதான் அவள் தப்புச் செய்தாள். கல்கரி உலையில் வேலை செய்கிற எல்லாரும் செய்கிற காரியம் அது. தீயைச் சுற்றியுள்ள கரியில் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரக் கரி ஒன்றோடொன்று ஒட்டி, தீக்கு மேல் ஓடு மாதிரி கட்டும். சூடு உள்ளேயே நிற்கும். அவள் செம்பை எடுத்தாள்.

"ம்மா, தண்ணி வேண்டாம். இது ஓடு கட்டாது."

"எந்தக் கரின்னாலும் தண்ணி தெளிக்கணும். ஒங்கப்பா தெளிச்சாரு."

"அப்பா தெளிச்சது கல்கரி. இதுல ஒட்டுற சரக்கே கிடையாது."

தெளித்தாள். கரி பட்பட்டென்று வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு பறந்து அவள் சேலையில் ஓட்டை போட்டது. இன்னொன்று நாச்சம்மாளின் சட்டைப் பையில் போய் விழுந்தது. அவள் குதித்த குதியில் நிமி சிரித்துவிட்டாள். தீ செத்துப் புகைந்தது.

ஞானஜோதி செம்பைக் கீழே வைத்தாள். தப்பு என்று சொல்லவில்லை. ஓட்டை விழுந்த முந்தானையை உதறினாள்.

"ஏட்டி, எப்படிப் பண்ணணும்னு சொல்லு," என்றாள்.

நிமி சொன்னாள். நனைந்த கரியை வாரி வெளியே கொட்டினார்கள். பள்ளத்தைச் சுற்றி ஓட்டுத் துண்டுகளை நிறுத்தி, மேலே ஒரு குழி மூடியை அரைவாசி சாய்த்தார்கள். ஓடு கட்டாத கரிக்கு ஓட்டாலேயே ஒரு கூடு. காற்றின் வேகத்தைக் குறைத்தார்கள். இந்த முறை தீ குமுறவில்லை, அமைதியாக வெளுத்தது. பட்டையின் நிறம் முனையிலிருந்து நடுவரைக்கும் ஒன்றுபோல ஏறியது. கல்கரியில்கூட அவ்வளவு சீராக ஏறி அவள் பார்த்ததில்லை. அதைச் சொல்லவும் இல்லை. "ம்" என்றாள்.

குறட்டால் பட்டையை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தாள். சம்மட்டியை ஓங்கினாள். ஓங்கிய கை ஒரு நொடி மேலேயே நின்றது.

பிறகு இறங்கியது.

அந்தச் சத்தம் பனங்காடு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை. நாச்சம்மாள் குறட்டைப் பிடித்தாள், ஞானஜோதி அடித்தாள். சூடு தணிந்தால் மறுபடி உலை. மெயின் பட்டையின் மேல் வைத்துப் பார்த்து, இடைவெளி தெரிந்த இடத்தில் மறுபடி அடி. வளைவு படிந்ததும் அரை டிரம் பழைய இன்ஜின் ஆயிலில் இறக்கினாள். மறுபடி இளஞ்சூடு. தென்னை மட்டைக் குச்சி ஒன்றைப் பட்டையின் மேல் தேய்த்தாள். குச்சி வழுக்கிப் புகைந்து பொறி விட்டதும் எடுத்து, காற்றில் ஆற வைத்தாள். நிமி மணியைப் பார்த்தாள். மூன்று தாண்டியிருந்தது. கோயில்களில் சிலுவையை முத்தம் செய்துகொண்டிருப்பார்கள்.

பட்டையை மாட்டி, ஜாக்கியை இறக்கினார்கள். லாரி நேராக நின்றது. நாச்சம்மாள் வண்டியைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் ஏறிக் குதித்துப் பார்த்தாள்.

"எந்திரிச்சுருச்சுங்க," என்றாள்.

"இன்னும் மூணாம் நாள் ஆவல. முன்னாலயே எந்திரிச்சுட்டு," என்றாள் ஞானஜோதி. ஆண்டவர் உயிர்த்த கணக்கை வைத்து அவள் பேசிய பகடி அது. சொல்லிவிட்டு, பெரியமுத்துவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லி, கரி இறக்க இடம் ஒதுக்கச் சொன்னாள். பிறகு கைகழுவிக் கஞ்சி குடித்தாள்.

சனிக்கிழமை காலை மூட்டைகள் ஏற்றிய லாரி எலப்புள்ளி ரோட்டில் ஏறும்போது, கம்பெனி ஏஜெண்டின் காலி லாரி எதிரே வந்தது. ஏஜெண்டு தலையை வெளியே நீட்டிக் கையைக் காட்டினான். நாச்சம்மாள் வண்டியை நிறுத்தவில்லை. ஹாரனை மட்டும் நீளமாக அடித்தாள்.

"பதில் கேட்டானுங்கள்ல. அதானுங்க பதில்."

முண்டக்கயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஞானஜோதி பேச்சை நிறுத்தினாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் காதைப் பின்பக்கம் வைத்திருந்தாள். குட்டிக்கானத்துக்கு முன் ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கிக் குனிந்து பட்டையைப் பார்த்தாள். முழு பாரத்தில் வளைவு நின்றிருந்தது. கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினாள்.

பட்டறை வாசலில் உபதேசியார் சூசையப்பன் நின்றிருந்தார். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். யாக்கோபின் நண்பர்.

"ஞானஜோதி, கேள்விப்பட்டது நெசமா?"

"நெசந்தான் உபதேசியாரே. மூட்டய ஒரு கை பிடிங்க."

"யாக்கோபு இருந்திருந்தா..."

"அவுக இருந்திருந்தா நொண்டிருப்பாக. நான் நொண்டல."

அவர் மூட்டையைப் பிடிக்கவில்லை. "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிரு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

"பண்ணலாம். பண்ணுனா கடைசியில, இனிமே இந்தப் பாவத்தச் செய்ய மாட்டேன்னு சொல்லணும்லா. அது எனக்கு வராது. வராததச் சாமிகிட்டச் சொன்னா அது ரெண்டாவது பாவம்."

உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். பிடிக்கும்போதும் தலையை ஆட்டிக்கொண்டேதான் இருந்தார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு அவள் சாக்கை எடுத்தாள். முதல் வேலையாக, பக்கத்துப் பட்டறைகளுக்கு ஆளுக்கு ஒரு மூட்டை அனுப்பினாள். பெரியமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை.

"நம்மகிட்ட மட்டும் கரி இருந்தா எல்லா வண்டியும் நம்மகிட்டதான வரும் மதினி?"

"வரும். அப்பறம் எனக்கும் ஜோஜோவுக்கும் என்னல வித்தியாசம்? அவன் தார்ப்பாய் போட்டு மூடுதான், நான் சேலயப் போட்டு மூடணுமா? கொண்டு குடு. தண்ணி தெளிக்காதேன்னு சொல்லிக் குடு."

திங்கட்கிழமை ஜோஜோ வந்தபோது வளைவு முழுக்கப் புகை வாசனை இல்லாத தீ. கல்கரியின் நெடி இல்லை. அவன் மூக்கைச் சுளித்துப் பார்த்தான். உலைக்கு முன்னால் இரண்டு ஜீப்புகள். அவனுக்குப் பின்னால், பட்டை ஒடிந்த அவனுடைய சொந்த டிப்பர் ஒன்று நொண்டி வந்து நின்றது. அவனிடம் கரி மலையாக இருந்தது. அதைப் போட்டு அடிக்க உலையும் ஆளும் இல்லை.

"சேச்சி, ஈ கரி எவிடுன்னு?"

"வரிசையில நில்லு ஜோஜோ."

நின்றான். மாலை வரைக்கும் நின்றான். அவனுடைய டிப்பரையும் அவள் நன்றாகத்தான் அடித்துக் கொடுத்தாள். அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கல்கரியைக் கொஞ்ச நாளில் அவன் விற்றுவிட்டான்.

அதற்கப்புறம் கப்பல்கள் வந்தன. கம்பத்து வியாபாரி மறுபடி போனை எடுத்தார். நாச்சம்மாளின் லாரி மலை ஏறுவது நிற்கவில்லை. வரும்போது பனங்கிழங்கு கொண்டுவருவாள், போகும்போது தேயிலைத்தூள் கொண்டுபோவாள். இரண்டு பேரும் உலைக்கரையில் உட்கார்ந்து இல்லாத ஆண்களைக் கேலி பேசுவார்கள். அதற்குப் பிறகு வந்த பெரிய வெள்ளிகளில் ஞானஜோதி சாக்கைப் போட்டாள். ஆனால் ஜீப் வந்து நின்றால் எடுத்தாள்.

இந்த வருடம் மாசியில் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. சம்மட்டி கையில் இருக்கும்போதே வந்தது. மாரீஸ்வரன் என்ற டிரைவரின் ஜீப்பில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி சேரும் முன் முடிந்துவிட்டது. அதே ஜீப்பில்தான் பெட்டியும் கல்லறைக்கு ஏறியது. அது செங்குத்தான பாதை. பெட்டியோடு ஆட்களும் தொற்றிக்கொண்டார்கள். நிமி பின்னால் நடந்தாள். மழை இல்லை, வெயில்தான். குடை பிடிக்க வந்தவர்களை வேண்டாம் என்றாள். கடைசி வளைவில் ஜீப்பின் வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. வேறு யாருக்கும் அது கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல இருந்தார்கள். அவளுக்குக் கேட்டது. பட்டை ஒன்று விரிசல் விட்ட சத்தம்.

அடக்கம் முடிந்து வந்தபோது, பட்டறையில் பெரியமுத்து அடைகல்லின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தான். யாரும் சொல்லி அவன் செய்யவில்லை. ஜோஜோ தன் பெரிய காரைப் பட்டறை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நிஜமான அழுகைதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமியிடம் வந்தான்.

"மோளே, நீ பாலக்காட்டுல. இத இனி யாரு நோக்கும்? ஞான் எடுத்துக்கிறேன். சேச்சியோட பேரு போர்டுல அப்படியே இருக்கட்டே. என் பேரு வேண்டாம்."

ரோட்டோரத்தில் மாரீஸ்வரனின் ஜீப் நின்றது. நிமி அதன் அருகே போய், நல்ல சேலையோடு தரையில் படுத்து அடியில் பார்த்தாள்.

"அக்கா, அத விடுங்க," என்றான் மாரீஸ்வரன். "ஏழாம் நாள் பூசை முடியட்டும். ஒரு வாரம் வண்டிய நிறுத்திப் போடுதேன்."

"காலையில பள்ளிக்கூடப் பிள்ளைங்கள யாரு கூட்டிட்டுப் போவா?"

அவனும் குனிந்து பட்டையைப் பார்த்தான்.

அவள் எழுந்து பட்டறைக்குள் வந்தாள். சாக்கை இரண்டு கையாலும் தூக்கினாள். பிழிந்தாள். கொழுந்துக் கூடை தொங்குகிற ஆணியில், கூடைக்குப் பக்கத்தில் அதை மாட்டினாள். மூலையில் சாய்ந்திருந்த குறட்டை எடுத்தாள்.

"சித்தப்பா, புளோயரப் போடுங்க."

பெரியமுத்து அவளைப் பார்த்தான். "இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டான். காற்று மெதுவாக ஊதியது. சிரட்டைக் கரி எப்போதும்போல் தாமதமாகத்தான் பற்றியது. தண்ணீர்ச் செம்பை யாரும் தொடவில்லை. உலைக்குள் நீல நாக்கு எழும்பியபோது, ஜோஜோ பெஞ்சிலிருந்து எழுந்தான். அவளையும் உலையையும் பார்த்தான். வெளியே போய், வாசலை அடைத்திருந்த தன் காரைப் பின்னால் எடுத்தான்.

ஜீப் உள்ளே வந்தது.